100 சிசி பைக் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து தொடங்கும் வீட்டுச் சோதனை

நாகப்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்ததும் ஒரு வேலை கூடிவிடும். இரவெல்லாம் மழையில் நின்ற பைக், காலையில் கிக்கரை எத்தனை முறை மிதித்தாலும் உயிர் பெறாது. பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளை பின்னிருக்கையில் பையோடு காத்திருக்கும். என் வண்டியிலும் தெருவில் உள்ள ஏழெட்டு வண்டிகளிலும் பதினைந்து ஆண்டுகளாக இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்று ஒரு வரிசை கைக்கு வந்திருக்கிறது. காசு செலவில்லாத சோதனை முதலிலும், உதிரிப்பாகம் வாங்க வேண்டிய சோதனை அடுத்தும், என்ஜினைப் பிரிக்க வேண்டிய வேலை கடைசியிலும் வரும்.

இக்குறிப்பு கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள, காற்றால் குளிரும் 100 சிசி வண்டிகளுக்கானது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பின் வெளியான பைக்குகளில் பெரும்பாலும் எரிபொருள் ஊசிமுறை (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) இருக்கிறது. அவற்றின் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருப்பதால் அந்தப் பகுதியை வீட்டில் கழற்றக் கூடாது. மீட்டரில் என்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் நேராகச் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். செயின், பிரேக், கிளட்ச், பேட்டரி பற்றிச் சொல்வன பெரும்பாலும் இரண்டு வகைக்கும் பொருந்தும்.

வேண்டிய கருவிகள் குறைவு. வண்டியோடு வந்த பிளக் ஸ்பானர், ஒரு ரிங் ஸ்பானர் செட், ஸ்குரூ டிரைவர், மெல்லிய உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், கந்தல் துணி, முடிந்தால் ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். இவற்றோடு, கழுவிக் காயவைத்த இருமல் மருந்துக் குப்பி ஒன்றையும் எடுத்து வையுங்கள். அதன் பயன் விரைவில் தெரியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிளக்கையும் மாற்றி, கார்ப்பரேட்டரையும் துடைத்து, ஸ்குரூவையும் திருகிவிட்டால், வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த மழையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 1: கிக்கர் சுற்றுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

கழற்றாமல் பார்க்க வேண்டியவை

சாவி போட்டிருக்கிறதா, கில் சுவிட்ச் (ஹேண்டிலில் என்ஜினை அணைக்கும் சுவிட்ச்) உள்ள வண்டியென்றால் அது ஓடும் நிலையில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கும். ஆனால் தெருவில் என்னைக் கூப்பிட்ட காலைகளில் பாதிக்குப் பாதி இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருந்தது. பிள்ளைகள் நின்ற வண்டியின் மேல் ஏறி விளையாடும்போது கில் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். சில புது வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தாலே என்ஜின் ஓடாது.

டேங்க் மூடியைத் திறந்து வண்டியை இடமும் வலமும் ஆட்டினால் பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் மெலிதாக இருந்தால் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். காலியான கார்ப்பரேட்டர் கிண்ணம் நிரம்ப அந்த நேரம் வேண்டும். என்ஜின் ஆறிப்போயிருந்தால் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் மிதியுங்கள். சூடாக இருக்கும் வண்டிக்குச் சோக் தேவையில்லை.

பத்துப் பன்னிரண்டு முறை சோக்கோடு மிதித்த பின் பெட்ரோல் வாடை அடித்தால், என்ஜினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று பொருள். டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்தபடி எட்டுப் பத்து முறை மிதியுங்கள். தடுமாறிப் பிடித்தவுடன் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, டேப்பைத் திறந்துவிடுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தல்

இதுவரை பயனில்லை என்றால், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் பிளக்கைக் கழற்ற வேண்டும். பல 100 சிசி வண்டிகளின் பிளக்கிற்கு 16 அளவு ஸ்பானர் பொருந்தும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதியும் துடைத்தும் அகற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது அப்படியே துளை வழியாக என்ஜினுக்குள் விழும். இனி எந்தக் கிளையில் போவது என்பதைப் பிளக்கின் நுனி சொல்லும்.

பிளக் ஈரமாக இருந்தால்

பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி வரவில்லை. நுனியைத் துடைத்து, கரியை டூத் பிரஷால் தேய்த்து, இடைவெளியைப் பாருங்கள். பழைய வகைப் பிளக்குகளில் அது 0.6 முதல் 0.7 மி.மீ. வரையும், பெயரின் இறுதியில் 9 என்று முடியும் வகைகளில் 0.8 முதல் 0.9 மி.மீ. வரையும் இருக்கும். பிறகு பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பு என்ஜின் ஹெட்டைத் தொடுமாறு, துளையிலிருந்து தள்ளி வைத்து, சாவி போட்டுக் கிக்கரை மிதியுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள். அந்த அதிர்ச்சி ஒருமுறை வாங்கினால் மறக்காது. நிழலான இடத்தில் நீல நிறத்தில் ‘டக் டக்’ என்று பொறி தெரிந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ, வேலை செய்யும் வேறொரு பிளக்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு முன் கீழே பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்துக் காயவிடுங்கள். கார்த்திகை மாதத்தில் வாசலில் அகல் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த வாசலில் இந்த வேலையே கூடாது.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால், மழைக்காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக் கேப்பைத்தான். அந்த ரப்பர் கேப்பின் உள்ளே ஈரம் புகுந்தால் மின்சாரம் நுனிக்குப் போகாமல் வழியிலேயே என்ஜின் உடம்பில் இறங்கிவிடும். கேப்பைக் கழற்றி உள்ளே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். அதன் மறுமுனை, வயரின் மேல் மரைபோல் திருகி மாட்டப்பட்டிருக்கும். இடப்பக்கமாகத் திருகினால் வெளியே வரும். எங்கள் ஊரில் அந்த வயர் நுனி பெரும்பாலும் பச்சைப் பாசி பிடித்ததுபோல் களிம்பேறியிருக்கும், கடற்காற்றின் வேலை. நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டி, புதுச் செம்பு தெரியும்படி செய்து, கேப்பைத் திரும்பத் திருகிவிடுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையால் உயிர் பெற்ற வண்டிகளுக்காகவே நான் எத்தனையோ பிளக்குகளை வீணாக வாங்கியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேப்பும் சரி, பிளக்கும் சரி, ஆனாலும் பொறி இல்லை என்றால் மிஞ்சுவது இக்னிஷன் (சாவி) சுவிட்ச், பொறிக்கு மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில், பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் சி.டி.ஐ. பெட்டி, மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் ஆகியவை. இவற்றின் இணைப்புச் சாக்கெட்டுகளைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்துவது வரை நீங்கள் செய்யலாம். அதற்கு மேல் நல்ல பாகம் ஒன்றை மாற்றிப் போட்டுத்தான் பழுதைக் கண்டுபிடிக்க முடியும். அந்த உதிரிப்பாகங்கள் மெக்கானிக்கிடம் கையிருப்பில் இருக்கும், நம்மிடம் இருக்காது. இங்கே நிறுத்தி அவரை அழையுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால்

பொறி இருக்கலாம், பெட்ரோல் வரவில்லை. மருந்துக் குப்பியை இப்போது எடுங்கள். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் ஸ்குரூவும் அதன் கீழே மெல்லிய குழாயும் இருக்கும். குழாயின் அடியில் குப்பியைப் பிடித்து, ஸ்குரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்துங்கள்.

ஒன்றும் வடியவில்லை என்றால் அடைப்பு மேலே இருக்கிறது. டேப்பை மூடிவிட்டு, டேப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் முனையைக் குப்பியில் வைத்து டேப்பைத் திறங்கள். அங்கேயும் வராவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறந்ததும் கொட்டத் தொடங்கினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியால் குத்தி ஊதிவிட்டால் தீர்ந்தது. மூடி திறந்தும் வராவிட்டால் டேப்பின் வலையோ ஃபில்டரோ அடைத்திருக்கிறது.

பெட்ரோல் வடிந்தால் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கண்ணாடிக் கோலி போல் உருளும் குமிழிகளோ, இரண்டு அடுக்காகப் பிரிந்த கோடோ தெரிந்தால் அது தண்ணீர். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து விற்கிறார்கள். எத்தனால் நீரை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மழைநீர் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, நாலைந்து நாள் ஓடாமல் நிற்கும் வண்டியில் அடியில் சேர்ந்துவிடும். தெளிந்த பெட்ரோல் வரும்வரை வடித்து, ஸ்குரூவை மூடி, பிறகு மிதியுங்கள். ஒருமுறை அரைக் குப்பித் தண்ணீர் வந்தது; வண்டிக்காரர் அதற்கு முந்தைய நாள்தான் கார்ப்பரேட்டர் சர்வீஸுக்குப் பணம் கொடுத்திருந்தார். தண்ணீர் வந்தால் வாஷரையும் மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு இதே வேலைதான். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

தெளிந்த பெட்ரோல் தாராளமாக வடிகிறது, ஆனாலும் பிளக் காய்ந்தே இருக்கிறது என்றால் ஜெட் (கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் நுண்துளை) அடைத்திருக்கிறது. கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதலாம்தான். ஆனால் முதல் முறை செய்பவர் மிதவையின் ஊசியையோ ரப்பர் வளையத்தையோ தொலைத்துவிடுவது வழக்கம். ஒருமுறை மெக்கானிக் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு அடுத்த முறை தொடுங்கள்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு

கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுத்து நிற்க வேண்டும். தடையே இல்லாமல் தண்ணீரில் கால் வைத்ததுபோல் இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) இல்லை. பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிச் சாவி போடாமல் வேறொருவரை மிதிக்கச் சொன்னால் விரலைக் காற்று தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் டேப்பட் (வால்வு இடைவெளி) இறுகியிருக்கலாம், வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். டேப்பட் சரிசெய்வது மலிவான வேலை, ரிங் மாற்றுவது அப்படியல்ல. இரண்டுமே மெக்கானிக்கின் வேலை. முதலில் டேப்பட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது ஸ்பானரை விட்டுவிட்டு விரலால் மட்டும் திருகி உட்கார வைத்து, பிறகு புதியது என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இறுக்குங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போய்விட்டால், நூறு ரூபாய்ப் பொருளுக்காக லேத் பட்டறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

அறிகுறி 2: ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது

என்ஜின் சூடாகும் முன் சோக்கை எடுத்திருக்கலாம். மார்கழிக் காலையில் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். ஓடிச் சூடான வண்டியும் சிக்னலில் நிற்கும்போது அணைந்தால், கார்ப்பரேட்டரில் ஸ்லோ ஸ்குரூவை மட்டும் சிறிது உள்ளே திருகுங்கள். ஆக்சிலேட்டர் வயர் வந்து சேரும் பக்கத்தில், கையாலோ டிரைவராலோ திருகும்படி, ஸ்பிரிங்கோடு இருப்பது அது. அருகில் குழிக்குள் இருக்கும் சிறிய ஏர் ஸ்குரூவைத் தொடாதீர்கள். ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள் என்றால், மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவருக்கு அரை மணி நேரம் மிச்சமாகும்.

ஹேண்டிலை இடமும் வலமும் முழுவதும் திருப்பும்போது என்ஜின் வேகம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் வயர் இறுக்கமாக இருக்கிறது. ஸ்லோ ஸ்குரூவிற்கு மசியாமல் வேகம் ஏறியும் இறங்கியும் ஊசலாடினால், கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். அங்குள்ள இரண்டு போல்ட்டுகளைச் சமமாக இறுக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். எதற்கும் மசியாவிட்டால் ஸ்லோ ஜெட் அடைப்பு, கார்ப்பரேட்டரைக் கழற்றியாக வேண்டும்.

அறிகுறி 3: ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை

எதையும் கழற்றும் முன் வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குக்கூடத் தாராளமாகச் சுற்றாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்தது டயர் காற்று. ஸ்பிளெண்டர் வகை வண்டிக்கு முன் டயரில் 25, பின் டயரில் தனியாகப் போனால் 28, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 41 பி.எஸ்.ஐ. என்பது கையேட்டில் உள்ள அளவு. பெட்ரோல் பங்கில் பையனிடம் எண்ணைச் சொல்லாமல் விட்டால் இரண்டு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்.

சில கிலோமீட்டர் ஓடிய பின் மட்டும் திணறி நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டியில் டேங்க் மூடியின் காற்றுத் துளையை மறுபடி பாருங்கள். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்டால் இதுதான் காரணம். ஒலி கேட்காமல், சூடானால் மட்டும் அணைகிறது என்றால் காயில் அல்லது சி.டி.ஐ. மீது சந்தேகம் திரும்பும்.

எப்போதும் மந்தமாக இருந்து, பிளக் நுனி காய்ந்த கரியாக இருந்தால் ஏர் ஃபில்டரைத் திறங்கள். பழைய வண்டிகளில் அது பஞ்சு போன்ற ஃபோம். மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, காயவைத்து, என்ஜின் ஆயிலைச் சில சொட்டு விட்டு நன்றாகப் பிழிந்து மாட்டலாம். பிந்தைய வண்டிகளில் எண்ணெய்ப் பசையோடு வரும் காகித ஃபில்டர் இருக்கிறது. அதை அலசவோ காற்றடிக்கவோ கூடாது. அழுக்கானால் மாற்றத்தான் வேண்டும். பிளக் நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் சரியாக இருக்கிறது, அந்தப் பக்கம் போக வேண்டாம். வெள்ளையாக வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அப்படியே நெடுந்தூரம் ஓட்டாமல் காட்டிவிடுங்கள்.

என்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை

இது கிளட்ச் நழுவல். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது திடீரென்று முறுக்கினால், இரைச்சல் மட்டும் ஏறும். முதலில் கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெற்று அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். அசைவே இல்லாமல் வயர் இறுகியிருந்தால், கீழ் முனையிலுள்ள நட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். அசைவு அளவுக்கு மீறி இருந்தால் எதிர்க் கோளாறு: கியர் விழாது, நியூட்ரல் கிடைக்காது. லீவர் அருகில் வயர் நூலிழையாகப் பிரிந்திருந்தால் நடுவழியில் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

வயர் சரியாக இருந்தும் நழுவினால் கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கிச் சுழல்கின்றன. காருக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கலாம். அது பிளேட்டை வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்ற குறி இருக்கும் பைக் ஆயிலை, கையேடு சொல்லும் தரத்தில் மாற்றி 100 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே கிளட்ச் பிளேட் செலவைப் பற்றி யோசியுங்கள்.

அறிகுறி 4: பின்னால் ‘கடகட’, ‘சரக் சரக்’ என்ற சத்தம்

பெரும்பாலும் செயின்தான். முழு உறையிட்ட வண்டிகளில் செயின் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அது உறையில் அடிபட்டுச் சத்தம் போடும்வரை யாரும் நினைப்பதில்லை. உறையின் அடிப்பக்கம் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விடுவதைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கையில் பிடித்திருக்கும் துணி செயினில் சிக்கினால் விரலும் உடன் போகும். என்ஜின் அணைந்திருக்க, சாவி சட்டைப்பையில் இருக்க, சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள்.

ஓரிடத்தில் அளந்து முடிவு செய்ய வேண்டாம். சக்கரத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி நாலைந்து இடங்களில் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தில் அளவு சரியாக இருக்கும்படி வையுங்கள். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது செயின் விறைத்து, கியர்பாக்ஸின் பேரிங்கைத் தின்னத் தொடங்கும். தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் வேறுபாடு மிக அதிகமாக இருந்தால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை, அதை இனி இறுக்கிப் பயனில்லை.

இறுக்க வேண்டுமானால் பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இரு பக்கத்து அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு, கால் சுற்றாகத் திருகுங்கள். இரு பக்கமும் செதுக்கப்பட்ட கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அச்சு நட்டை இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போதே அளவு சற்று மாறும். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக்கின் அசைவும் மாறியிருக்கும். அதைச் சரிபார்க்காமல் தெருவில் இறங்காதீர்கள்.

எண்ணெய்க்கு 90 கியர் ஆயில் போதும். வடித்து எடுத்த பழைய என்ஜின் ஆயிலைச் செயினுக்கு விடுவது நம்மூர் வழக்கம். அதில் கலந்திருக்கும் உலோகத் தூள் செயினை அறுக்கும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன். துரு இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்த பின் ஆயில் விடுங்கள்.

உறையைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பின்புறத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரியும் அளவுக்குச் செயின் விலகினாலோ, பற்கள் அரிவாள் நுனிபோல் ஒரு பக்கம் வளைந்திருந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரமே பழையதாகிவிடும்.

செயின் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ். அது பட்டறை வேலை.

அறிகுறி 5: பிரேக் பிடிக்கவில்லை

மழையில் ஓடிய உடனே என்றால் டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகப் பிரேக்கை அழுத்தி வந்தால் காய்ந்துவிடும். காய்ந்த சாலையிலும் பிடிக்காவிட்டால் அசைவை அளக்க வேண்டும்: முன் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ., பின் பெடலில் 20 முதல் 30 மி.மீ. ராடின் நுனியிலுள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம்.

ஆனால் நட்டைத் திருகிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. டிரம் மூடியில் ஓர் அம்புக்குறியும் ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. அதன் பிறகும் நட்டை இறுக்குவதோ, ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவதோ தேய்மானத்தை மறைக்கும் தந்திரம் மட்டுமே. ஷூவை நீங்களே மாற்றுவதானால், டிரம்மில் உள்ள தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஷூவில் எண்ணெய்க் கை படக் கூடாது. டிஸ்க் பிரேக் வண்டியில் லீவர் பஞ்சுபோல் அழுந்தினாலோ, பிரேக் ஆயில் அளவு இறங்கியிருந்தாலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அறிகுறி 6: ஹார்ன் முனகுகிறது, செல்ஃப் ‘டிக் டிக்’ என்கிறது

பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், முதலில் மைனஸ் வயரையும் பிறகு பிளஸ் வயரையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பிளஸ்ஸை முதலில் மாட்டி, வாசலின் தடவுங்கள். வண்டி அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12-க்குக் கீழே என்றால் இறங்கியிருக்கிறது. என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புதுப் பேட்டரி வாங்கியும் பயனில்லை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ மேக்னட்டையோ எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். ஏறுகிறது, ஆனால் இரவு கழிந்ததும் இறங்கிவிடுகிறது என்றால்தான் பேட்டரியின் ஆயுள் முடிந்திருக்கிறது.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மட்டும் மாற்றுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டிய ஒரு வண்டியின் வயரிங் உருகி, இருக்கை வரை புகைந்ததை இதே தெருவில் பார்த்திருக்கிறேன். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் என்ஜின் ஓடினாலே பகலிலும் முகப்பு விளக்கு எரியும். அது பழுதன்று, விதி. சுவிட்சைத் தேடி வயரை அறுத்தவர்களும் உண்டு.

அறிகுறி 7: சைலன்ஸரில் புகை

காலைக் குளிரில் சில நிமிடம் வெள்ளையாக வந்து மறைந்தால் அது நீராவி. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது: சோக் பாதியில் நிற்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள், பிறகு கார்ப்பரேட்டர்.

நீலம் கலந்த புகை, எரிந்த எண்ணெய் வாடையோடு வந்தால் ஆயில் எரிகிறது. வண்டியை டபுள் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, என்ஜினை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் சும்மா உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் அளவுக்கு அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள். மிகுதியை வடித்துவிட்டுச் சில நாள் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து வைத்து, 500 கிலோமீட்டருக்குப் பின் மறுபடி அளந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாமல் மாற்றிவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதைக் காணலாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது புகை எப்போது வருகிறது என்பதைச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்திலும், ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் போகும்போதும் மட்டும் வந்தால் வால்வு சீல் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிஸ்டன் வரை பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. முறுக்கும்போதெல்லாம் வந்து, மேடு ஏற வண்டி திணறினால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவரும்) தேய்ந்திருக்கும். இரண்டுக்கும் செலவில் பெரிய வேறுபாடு இருப்பதால், ‘போர் வேலை’ என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் வால்வு சீலைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பிரித்த பின் பழைய ரிங்கையும் பிஸ்டனையும் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.